பச்சைக் கட்டை மட்டும் தனியாகக் கிடைக்குமா?

கடைக்கு வருகிறவர் நம்மிடம் இல்லாத சரக்கைக் கேட்டால் "இல்லை" என்ற ஒரே சொல்லில் நாம் காரியத்தை முடித்துவிடுகிறோம். கொஞ்சம் நயமாகப் பேசுகிறவர்கள் "நாளை வரும்" என்பார்கள். அவர் ஏன் கேட்டார், அது எங்கே கிடைக்கும், எத்தனை பேர் அதைக் கேட்கிறார்கள் என்று விசாரிக்கிற பழக்கம் நம்மில் அநேகருக்கு இல்லை. நமக்கும் இருந்ததில்லை. ஒரு பள்ளிக்கூடப் பையன்தான் அதைக் கற்றுக் கொடுத்தான்.

2019 தீபாவளி சமயம். மளிகையோடு மளிகையாக இதுவும் ஓடட்டுமே என்று, பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைப் பெட்டிகள் இரண்டு டஜன் கொள்முதல் செய்து கல்லாவுக்கு மேலே அடுக்கியிருந்தோம். பக்கத்துத் தெருப் பையன், பிளஸ் டூ படிக்கிறவன், அரைக் கிலோ ரவை வாங்க வந்தவன் அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, இதுல பச்சையும் சாம்பல் கலரும் மட்டும் தனியா தருவீங்களா?"

"பெட்டியைப் பிரிக்க முடியாது தம்பி. பச்சை மட்டும் உனக்கு எதுக்கு?"

"டாங்கி கட்டணும் அண்ணாச்சி."

ராணுவ டாங்கி. அதை அளவெடுத்து, சிறிதாக்கி, கட்டைகளால் கட்ட வேண்டுமாம். நமக்குச் சிரிப்பு வந்தது. அன்று இரவு கடை சாத்தும்போதுதான் உறைத்தது. துவரம் பருப்பு மூட்டையைப் பிரித்து நூறு கிராம் போடுகிற நாம், ஒரு பெட்டியைப் பிரிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டோமே! மறுநாள் அவனைக் கூப்பிட்டு ஒரு பெட்டியை உடைத்துக் கொடுத்தோம். இரண்டு கட்டையைப் பொருத்தித் தலைகீழாக ஆட்டினான். கீழே விழுந்துவிட்டது.

"பிடிப்பு இல்லை அண்ணாச்சி. இதுல கட்டினா தூக்கும்போதே உதிர்ந்துடும்."

அந்த இரண்டு டஜனில் விற்றது ஏழு பெட்டி. அதிலும் நான்கு திரும்பி வந்தது. நஷ்டம் நம்முடையது. ஆனால் அதற்குப் பிறகு பல மாலைகளில் அந்தப் பையனோடு கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதும், நாமே தேடிப் படித்ததும் நம் தொழிலுக்கு மிகவும் வேண்டிய கதையாக இருந்ததால் இங்கே எழுதுகிறோம்.

விற்க மாட்டேன் என்ற கம்பெனி

இந்தக் கட்டைக்கு உலகெங்கும் பேர் வாங்கிக் கொடுத்தது டென்மார்க் நாட்டின் லெகோ கம்பெனி. 1932-இல் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் மரப் பொம்மை செய்து தொடங்கிய தொழில். பிளாஸ்டிக் கட்டையை 1949-இல் விற்க ஆரம்பித்தார்கள். அந்த யோசனை இவர்களுடையது அல்ல. இங்கிலாந்தில் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவர் அதற்கு முன்பே விற்றுவந்த கட்டையைப் பார்த்துச் செய்தது. அந்தக் கட்டையும் சரியாகப் பிடிக்காமல்தான் இருந்தது. 1958 ஜனவரி 28 அன்று, அடியில் குழாய் வைத்த புதிய அமைப்புக்கு ஓலேயின் மகன் காட்ஃப்ரெட் காப்புரிமை விண்ணப்பம் கொடுத்தார். மேலே உள்ள குமிழ், அடுத்த கட்டையின் சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் இறுகி நிற்கும். அன்று செய்த கட்டையோடு இன்று செய்த கட்டை பொருந்துகிறது. அச்சில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பிசகு அனுமதிக்கிறார்கள். நாம் வாங்கி வைத்த பெட்டியில் இல்லாதது அந்த நூறில் ஒரு பங்குதான்.

இந்தக் கம்பெனி ஒரு சரக்கை மட்டும் செய்வதில்லை என்று வைத்திருக்கிறது. இன்றைய ராணுவ வாகனங்களையும் உண்மை போலத் தோன்றும் ஆயுதங்களையும் பெட்டியாகப் போட்டு விற்பதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் இதே கம்பெனி மரத்தில் பொம்மைத் துப்பாக்கி செய்து விற்றதுதான். கட்டைக்கு வந்தபிறகு மனம் மாறியிருக்கிறது. பிள்ளைகள் டாங்கி கட்டிவிடுவார்கள் என்பதால்தான் பச்சையும் சாம்பலும் அதிகம் வராமல் பார்த்துக்கொண்டார்கள் என்று இந்தக் கட்டைப் பிரியர்கள் சொல்கிறார்கள். 1978-இல் அவர்கள் கொண்டுவந்த கோட்டைப் பெட்டியில் சுவரெல்லாம் மஞ்சள் நிறம். கல் கோட்டை எங்கேயாவது மஞ்சளாக இருக்குமா?

கொள்கை கொள்கைதான் என்றாலும் ஓட்டைகளும் உண்டு. கோட்டைக்கு வாள் கொடுத்தார்கள். 1999-இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் உரிமை வாங்கி விண்வெளிப் போர் விமானம் விற்றார்கள். முதல் உலகப் போர் விமானங்கள் இரண்டு வந்தன. பழைய காலம் என்றால் பரவாயில்லை போலும். 2010-இல் 'டாய் ஸ்டோரி' படத்தை வைத்துப் பச்சைப் பொம்மைச் சிப்பாய்கள், ஒரு ஜீப் வண்டியோடு வந்தார்கள்! அதே நிறுவனம் 2020-இல் ஆஸ்ப்ரே என்ற விமானத்தைப் பெட்டியாகப் போட்டு, ஆகஸ்டில் வெளியிட நாள் குறித்து, ஜெர்மனியின் சமாதான அமைப்பு ஒன்று கண்டனம் தெரிவித்ததும் ஜூலையிலேயே விலக்கிக்கொண்டது. மீட்புப் பணி விமானம் என்றுதான் பெட்டியில் போட்டிருந்தார்கள். ஆனால் நிஜத்தில் அதை ஓட்டுவது ராணுவம்தானே. அதற்குள் சில கடைக்காரர்கள் விற்றுவிட்டார்கள். கையில் அந்தப் பெட்டி வைத்திருந்தவர்களுக்கு யோகம் அடித்தது.

நம்மில் பலர் கடையில் பீடி, சிகரெட் வைப்பதில்லை. அடுத்த பெட்டிக்கடையில் அது விற்கிறது என்பதும் நமக்குத் தெரியும். கிடைக்கிற லாபத்தை வேண்டாம் என்று விட்டவர்களை நாம் குறைவாகப் பேச மாட்டோம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெட்டியாக விற்க மறுக்கலாம். கட்டையை விற்கும்போது, வாங்குகிறவன் அதில் என்ன கட்டுவான் என்று கேட்க முடியுமா? ஒரு காலத்தில் பத்து மூட்டை வெல்லம் கேட்டு வந்தவரிடம் "எதற்கு?" என்று கேட்க வேண்டிய நிலை நம் மளிகைக்காரர்களுக்கும் வந்தது. லெகோவுக்கும் அதே சங்கடம். 2015-இல் சீன ஓவியர் ஐ வெய்வெய் ஒரு கண்காட்சிக்கு மொத்தமாகக் கட்டை கேட்டபோது, அரசியல் வேலைக்குக் கொடுப்பதில்லை என்று மறுத்தார்கள். ஊரே திரண்டு அவருக்குக் கட்டைகளைத் தானமாகக் கொடுத்தது. 2016 ஜனவரி முதல், மொத்தமாக வாங்குகிறவரிடம் காரணம் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

அளவும் கணக்கும்

சரி, டாங்கி எப்படிக் கட்டுகிறார்கள்? இது நம்மைப் போன்ற நிறுவைக்காரர்களுக்கு ருசியான பகுதி.

கட்டையில் ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடு வரை 8 மில்லிமீட்டர். கட்டை உயரம், குமிழ் நீங்கலாக, 9.6 மில்லிமீட்டர். மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் தகடு ஒன்று உண்டு, 3.2 மில்லிமீட்டர். ஐந்து தகடு அடுக்கினால் 16 மில்லிமீட்டர். அது சரியாக இரண்டு குமிழ் அகலம். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது நமக்கு எப்படியோ, அப்படி இந்தக் கணக்கு அவர்களுக்கு மனப்பாடம். கட்டையைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்துவதும், டாங்கியின் பக்கச் சுவரை வழவழப்பாக்குவதும் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

அடுத்து, எத்தனையில் ஒன்றாகச் சிறிதாக்குவது? பலரும் எடுத்துக்கொள்வது முப்பத்தைந்தில் ஒன்று. இந்த 35 எங்கிருந்து வந்தது என்றால், அதுவும் ஒரு வியாபாரக் கதை. ஜப்பானின் தமியா கம்பெனி 1961-இல் மோட்டார் வைத்த பாந்தர் டாங்கி மாடல் ஒன்றைக் கொண்டுவந்தது. உள்ளே இரண்டு பாட்டரி பிடிக்க வேண்டும் என்று உடம்பின் அளவை வைத்தார்கள். நன்றாக ஓடியது. அடுத்த டாங்கிகளையும் அதே அளவில் செய்யலாம் என்று பிற்பாடு அளந்து பார்த்தால், கிட்டத்தட்ட 35-இல் ஒன்று. பாட்டரிக்காக வைத்த அளவு உலகத்துக்கே அளவாகிவிட்டது.

அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கியை எடுத்துக்கொள்வோம். அகலம் 2.62 மீட்டர், நீளம் 5.84 மீட்டர், உயரம் 2.74 மீட்டர். 35-ஆல் வகுத்தால் அகலம் ஏழரை சென்டிமீட்டர். குமிழில் சொன்னால் ஒன்பதும் கொஞ்சமும். நீளம் 21 குமிழ். உயரம் எட்டுக் கட்டை. அந்த "ஒன்பதும் கொஞ்சமும்" தான் தலைவலி. ஒன்பதா பத்தா? மேலே சுழலுகிற பீரங்கிக் கூண்டு நடுவில் உட்கார வேண்டுமானால் இரட்டைப்படை வசதி. பத்து என்று வைத்தால் டாங்கி தடித்துவிடும். பையன் இதற்கே இரண்டு வாரம் யோசித்தான். கடைசியில் பத்து வைத்தான். நமது ஆவடியில் செய்கிற அர்ஜுன் டாங்கிக்கு 3.86 மீட்டர் அகலம். அதே கணக்கில் 14 குமிழுக்குப் பக்கம் வருகிறது. அது சுலபம் அண்ணாச்சி என்றான்.

உள்ளே உட்காரும் பொம்மை மனிதன் இன்னொரு தொல்லை. அவன் உயரம் 4 சென்டிமீட்டர். ஐந்தே முக்கால் அடி ஆள் என்று வைத்தால் 44-இல் ஒன்று. ஆனால் இடுப்பு இரண்டு குமிழ் அகலம். 44-ஆல் பெருக்கினால் எழுபது சென்டிமீட்டர் இடுப்பு! நம் கடைத்தெருவிலும் அப்படி ஓரிருவர் உண்டு, ஆனால் எல்லோரும் அப்படியில்லை. டாங்கியின் மூடியைத் திறந்தால் அவன் நுழைய வேண்டுமே. உயரத்துக்குப் பார்த்தால் 44, அகலத்துக்குப் பார்த்தால் அதைவிடப் பெரிய டாங்கி. 35 என்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்.

சாய்வுகள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தவை. ரஷ்யாவின் டி-34 டாங்கியின் முன்தகடு நிமிர்ந்த நிலையிலிருந்து 60 டிகிரி சாய்ந்திருக்கும், அதாவது தரையோடு 30 டிகிரி. கம்பெனி வீட்டுக் கூரைக்காகச் செய்த 33 டிகிரிச் சாய்வுக் கட்டை அதற்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. பிற்காலத்து ஷெர்மனுக்கு 47 டிகிரி. 45 டிகிரிக் கூரைக் கட்டை போதும். முந்தின ஷெர்மனுக்கு 56 டிகிரி. அதாவது தரையோடு 34 டிகிரி; அதற்கும் அந்த 33 டிகிரிக் கட்டையே கிட்டத்தட்டப் பொருந்திவிடும். வீடு கட்டக் கொடுத்த ஓட்டை எடுத்து டாங்கிக்குக் கவசம் போடுகிறார்கள் என்பதை விற்றவர் எங்கே கண்டார்!

மூட்டை பிரிக்கிற கடை

ஒரு டாங்கிக்குச் சில நூறு கட்டை முதல் ஆயிரம் வரை வேண்டும். அதிலும் ஒரே நிறம். எந்தப் பெட்டியை வாங்கினாலும் பச்சை இருபது இருக்கும், மீதி சிவப்பும் மஞ்சளும். இங்கேதான் உதிரி வியாபாரம் பிறந்தது.

டான் ஜெசெக் என்ற இளைஞர் 2000-இல் இணையத்தில் ஒரு சந்தை தொடங்கினார். பிரிக்லிங்க் என்று அதற்குப் பெயர் வந்தது. கட்டைக்கு ஓர் எண், நிறத்துக்கு ஒரு பெயர், புதியதா பழையதா, எத்தனை இருப்பு, ஒன்று என்ன விலை. இவ்வளவுதான். வீட்டு அறையில் டப்பா டப்பாவாகப் பிரித்து வைத்துக்கொண்டு விற்கிறவர்கள் உலகெங்கும் சேர்ந்துவிட்டார்கள். மூடிய பெட்டியை வாங்கிப் பிரித்து, ஒவ்வொன்றாக விலை போட்டால், கூட்டுத்தொகை பெட்டி விலையைத் தாண்டுவது சகஜம். ஆனால் அங்கேயும் நம் கதைதான். பொம்மை மனிதனும் அரிய நிறமும் முதல் வாரத்தில் போய்விடும்; சாதாரணச் சிவப்புக் கட்டை தேங்கி நிற்கும். முதல் வார விற்பனையை லாபம் என்று எண்ணியவர் கெட்டார். தேங்குகிற கட்டைக்கும் சேர்த்து, ஓடுகிற கட்டையில் விலை வைத்தவர் நின்றார்.

நிறத்திலும் ஒரு பாடம். 2004-ஐ ஒட்டி கம்பெனி தன் சாம்பல் நிறத்தைச் சற்று நீலம் பாய்ந்த சாம்பலாக மாற்றியது. பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் பழைய சாம்பலில் பாதி டாங்கி கட்டி வைத்திருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். உதிரிச் சந்தையில் பழைய சாம்பலும் புதிய சாம்பலும் இரண்டு வெவ்வேறு சரக்காகவே இன்றும் பட்டியலில் நிற்கின்றன. பழைய புளியும் புதுப் புளியும் ஒரே டின்னில் போட்டு விற்க முடியுமா? அதுபோலத்தான்.

கம்பெனி செய்யாததைச் செய்து பிழைக்கிற சிறு வியாபாரிகளும் வந்தார்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் டான் சிஸ்கிண்ட் என்பவர் பிரிக்மேனியா என்ற பெயரில், லெகோ கட்டைகளையே வாங்கி, டாங்கிக்கு வேண்டியதை மட்டும் எண்ணிப் பொட்டலம் கட்டி, கட்டும் முறையை அச்சடித்துச் சேர்த்து விற்கிறார். சக்கரத்தைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை சரியாக அமையவில்லை என்று அதை மட்டும் தாமே அச்சு வைத்துச் செய்துகொண்டார்கள். 2002-இல் இதே சிஸ்கிண்ட் வரைந்த கொல்லன் பட்டறையை லெகோ தன் பெட்டியாகவே வெளியிட்டது. கொல்லன் பட்டறைக்கு இடம் கொடுத்த கம்பெனியில் டாங்கிக்கு இடமில்லை. அதை அவர் தம் கடையில் வைத்துக்கொண்டார். சண்டையில்லை.

போலந்தின் கோபி கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போனது. 1987-இல் தொடங்கிய நிறுவனம். மியெலெட்ஸ் நகரில் ஆலை. தானே கட்டை செய்து, ஷெர்மன், டைகர், டி-34 என்று வரிசையாகப் பெட்டி போடுகிறது. ஒட்டுத்தாள் கொடுக்காமல் கட்டையிலேயே அச்சடித்துக் கொடுப்பதை அதன் வாடிக்கையாளர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். அடுத்தவர் கட்டையோடு பொருந்தும் கட்டையைச் செய்யலாமா என்றால், செய்யலாம் என்பதுதான் நீதிமன்றங்களின் பதில். காப்புரிமைக் காலம் முடிந்தபின், கட்டையின் வடிவத்தையே வணிகச் சின்னமாகக் காட்டி லெகோ தடுக்கப் பார்த்தது. வேலை செய்கிற வடிவத்தை ஒருவர் என்றென்றைக்கும் தனதாக்கிக்கொள்ள முடியாது என்று 2005-இல் கனடாவின் உச்ச நீதிமன்றமும், 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் சொல்லிவிட்டன. இங்கிலாந்துக்காரர் கட்டையைப் பார்த்துத் தொழில் தொடங்கியவர்களுக்கு இது தெரியாததல்ல.

ஆனால் சிறு வியாபாரிகள் கவனிக்க வேண்டிய திருப்பம் கடைசியில் வந்தது. 2019 நவம்பரில் அந்த உதிரிச் சந்தையையே லெகோ விலைக்கு வாங்கிவிட்டது. அதையொட்டி, பிற நிறுவனங்கள் செய்த பொம்மை ஆயுதங்கள் முதலிய சரக்கு அந்தச் சந்தையின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பல வருஷமாக அங்கே அவற்றை விற்று வந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. கொள்கை சரியோ தவறோ, அடுத்தவர் கட்டிய சந்தையில் மட்டும் கடை வைத்திருப்பவனுக்கு நிலம் சொந்தமில்லை என்பதை அன்று அவர்கள் உணர்ந்திருப்பார்கள். இன்று பெரிய இணைய அங்காடிகளில் பெயர் பதிந்து அதையே நம்பியிருக்கும் நம் உறுப்பினர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கட்டும்.

நம் கடையில் வைப்பதானால்

பொம்மைச் சரக்கு எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத சரக்கைச் செய்வது மட்டுமல்ல, விற்பதும் குற்றம். "மொத்த வியாபாரி கொடுத்தார்" என்ற பதில் செல்லாது. 2020 பிப்ரவரியில் பொம்மை இறக்குமதித் தீர்வையை 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தினார்கள். ஆகவே மிக மலிவாக ஒரு வெளிநாட்டுப் பெட்டி வந்தால், எப்படி வந்தது என்று பில்லோடு கேளுங்கள். கட்டைப் பெட்டி என்றால் மாதிரிக்கு ஒன்றைப் பிரித்து, பத்துக் கட்டையை நீளமாகப் பொருத்தி ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். நாம் இரண்டு டஜனுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்திருந்தால் ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

அந்தப் பையன் இப்போது கோயம்புத்தூரில் எஞ்சினியரிங் முடித்து வேலையில் இருக்கிறான். ஷெர்மனை முடிக்க அவனுக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. சேர்த்து வைத்த காசில் மாதம் பத்து, இருபது கட்டை என்று உதிரியாக வரவழைத்தான். நம்மிடம் மிஞ்சியிருந்த பெட்டிகளையும் கேட்டான். வெளியே தெரியாத வயிற்றுப் பகுதியில் போட்டுப் பசை வைத்து ஒட்டிவிடுவேன், யாருக்கும் தெரியாது என்றான். பச்சைக்கும் சிவப்புக்கும் ஒரே விலை போட்டு, எடை பார்த்துக் கொடுத்துவிட்டோம்.